மூக்கைப் பொத்தாதே, புகையைப் பிடி!

திருச்செந்தூர்க் கரையிலே பிறந்தவனுக்கு நாற்றத்தைக் கண்டு முகம் சுளிக்கும் வழக்கம் கிடையாது. கருவாடு காயும் மணலிலேதான் அவன் குழந்தைகள் விளையாடுகின்றன. உப்பளத்துச் சேற்றின் நெடியிலேதான் அவன் வீட்டுப் பெண்கள் கூலிக்குப் போகிறார்கள். முத்துக் குளிப்பு நடந்த காலத்திலே என்ன நடந்தது? கடலடியிலிருந்து அள்ளிவந்த சிப்பிகளைக் கரையில் குவித்து, ஈ மொய்க்க, புழு நெளிய, நாள்கணக்கில் அழுகவிட்டு, பிறகு கழுவித்தான் முத்தெடுத்தார்கள். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிக் குளிப்புகள் வரை அதுதான் முறை. அந்த நாற்றம் குடலைப் புரட்டும் நாற்றம். ஆனாலும் ஊர் பொறுத்தது.

ஏன் பொறுத்தது? அது எதிலிருந்து வருகிறது என்பது ஊருக்குத் தெரியும். எத்தனை நாள் இருக்கும் என்பது தெரியும். அந்த அழுகலுக்குப் பின்னே நாலு குடும்பத்துக்குக் கஞ்சி உண்டு என்பதும் தெரியும்.

தோழர்களே! நாற்றம் என்றாலே கெட்டது என்று பேசுகிறவர்கள் உழைக்காதவர்கள். உழைக்கிறவன் கேட்பது மூன்றே மூன்று கேள்வி. இது எங்கிருந்து வருகிறது? இதிலே என்ன இருக்கிறது? இதை நிறுத்த வழி உண்டா? இந்த மூன்று கேள்விகளையும் இன்று பழைய உலோகத்தை உருக்கும் பட்டறைகளின் புகைபோக்கியை நோக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய சாமானும் புதிய புகையும்

காயலான் கடை என்ற பெயரே நம் காயல்பட்டினத்தைச் சுமக்கும் பெயர் என்பார்கள். ஓட்டைக் குண்டான், உடைந்த சைக்கிள், செத்துப்போன பாட்டரி, அறுந்த மின்கம்பி, துருப்பிடித்த படகு எஞ்சின் எல்லாம் அங்கேதான் வந்து சேருகின்றன. இன்று அந்தக் கடையின் பின்னே உலகமே நிற்கிறது. நம் நாட்டுத் துறைமுகங்களில் வெளிநாட்டுப் பழைய உலோகம் பெட்டி பெட்டியாக இறங்குகிறது.

இது கெட்ட தொழிலா? இல்லவே இல்லை. மண்ணைத் தோண்டித் தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதற்கு ஆகும் மின்சக்தியில் சுமார் இருபதில் ஒரு பங்குதான், பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு ஆகும். மலை தப்புகிறது, காடு தப்புகிறது, மின்சாரம் மிச்சமாகிறது, ஏழைக்கு வேலை கிடைக்கிறது. ஆகவே இந்தத் தொழில் வேண்டும், வாழவேண்டும்.

பிறகு நாற்றம் எங்கிருந்து வருகிறது? உலோகத்திலிருந்து அன்று, உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் அழுக்கிலிருந்து. எஞ்சின் பாகத்தில் எண்ணெய் இருக்கிறது. தகட்டில் பெயிண்ட் இருக்கிறது. கம்பியைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அவற்றைக் கழற்றாமல், துடைக்காமல், அப்படியே உலைக்குள் தள்ளினால் என்ன ஆகும்? முழுதாக எரியாமல், அரைவேக்காட்டுப் புகையாகக் கக்கும். தொண்டையைக் கமறச் செய்யும் அந்த நெடி அரைகுறையாக எரிந்த எண்ணெயும் சாயமும் பிளாஸ்டிக்குமே.

வகைவகையாகப் பாருங்கள். பாட்டரியை உருக்கும் உலையில், ஈயத்தோடு சேர்ந்த கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாக வெளியேறுகிறது. தீக்குச்சி கிழித்தவுடன் மூக்கில் ஏறுகிறதே, அந்த நெடி. பி.வி.சி. உறையிட்ட கம்பியைக் கொளுத்தினால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்புகிறது. அதனோடு கூடவே டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் பிறக்கிறது. கம்பியில் உள்ள செம்பே அந்த நஞ்சு பிறப்பதற்குத் துணைசெய்கிறது. அலுமினியம் உருக்கிய கசடை முற்றத்தில் கொட்டிவைத்திருப்பார்கள். மழை பெய்தால் அதிலுள்ள அலுமினியம் நைட்ரைடு தண்ணீரோடு சேர்ந்து அமோனியா நெடி கிளம்பும். உலை அணைந்திருக்கும் நாளிலும் ஊர் நாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பித்தளை வார்ப்புப் பட்டறைத் தோழர்களுக்கு இன்னொன்றும் தெரியும். உருக்கும்போது துத்தநாகம் வெண்புகையாக எழும். அன்று மாலை உடம்பு வலிக்கும், குளிர் நடுக்கும், காய்ச்சல் அடிக்கும்; மறுநாள் விட்டுவிடும். விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தவனை அது கடுமையாகத் தாக்குவதால் மேல்நாட்டிலே அதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றே பெயர். நம் ஊரிலே, ‘நேற்று வெயில் அதிகம், உடம்பு சூடு’ என்று சொல்லி சுக்குக்கஞ்சி குடித்துவிட்டு மறுபடியும் உலையண்டை போய் நிற்கிறான் தொழிலாளி!

மூக்கு சொல்வது, மூக்கு சொல்லாதது

நாற்றம் என்பது சாட்சி. குற்றம் நடந்த இடத்திலே நின்று கூவுகிற முதல் சாட்சி. சாட்சியை விசாரிக்க வேண்டும், வாயைப் பொத்தக்கூடாது. ஆனால் சில இடங்களில் நடப்பது என்ன? வாசனைத் திரவத்தைப் பீய்ச்சி நெடியை மறைக்கிறார்கள். பிணத்தை எடுக்காமல் ஊதுபத்தி கொளுத்துவது போன்ற வேலை அது! இன்னும் சிலர் புகைபோக்கியை உயர்த்துகிறார்கள். உயர்ந்த குழாய் புகையைத் தூரத்திலே கொண்டுபோய் இறக்குமே தவிர, புகையைக் குறைக்காது. இந்தத் தெருவின் துன்பம் அந்தத் தெருவுக்கு மாற்றல் ஆகிறது, அவ்வளவுதான்.

அதே சமயத்தில் ஒன்றை மறந்துவிடக்கூடாது. இந்தச் சாட்சி எல்லாவற்றையும் பார்த்த சாட்சி அன்று. ஈயத் தூசுக்கு வாசனை கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கதிர்வீச்சுக்கு வாசனை கிடையாது.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரம் டக்கார். அங்கே தியாரோய் என்ற கடற்கரைப் பகுதியில் ஏழைப் பெண்கள் பழைய பாட்டரிகளை உடைத்தார்கள். ஈயம் கலந்த மண்ணைச் சலித்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் அங்கே மாண்டன. நாற்றமா கொன்றது? இல்லை, மணமற்ற ஈயத் தூசு கொன்றது.

2010இல் டெல்லி மாயாபுரிப் பழைய உலோகச் சந்தையில் என்ன நடந்தது? டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக்கருவி ஒன்றுக்குள்ளே கோபால்ட்-60 இருந்தது. பிரித்தெடுத்த தொழிலாளிகள் கதிர்வீச்சால் வெந்தார்கள். ஒருவர் உயிர் இழந்தார். படித்தவர்கள் விற்றார்கள், பாமரன் செத்தான். அவன் மூக்கு அவனுக்கு எதையும் சொல்லவில்லை.

மூக்கு மரத்தும் போகும். உலையருகே நிற்பவனுக்குக் கொஞ்ச நேரத்தில் நெடி தெரியாது. வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் தெரியும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் மோப்ப நரம்பையே முடக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று அவன் நினைப்பான். ஆபத்து அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்! ஆகவே, நாற்றம் இருந்தால் நஞ்சைத் தேடு. நாற்றம் இல்லை என்பதற்காக நஞ்சு இல்லை என்று நம்பிவிடாதே. தொழிலாளி மனத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

தூத்துக்குடி கற்ற பாடம்

மூக்கின் சாட்சியத்தைக் கேளாத ஊர் என்ன விலை கொடுக்கும்? வெளியூர் உதாரணம் தேடவேண்டாம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் செம்பு ஆலை இருக்கிறது.

அது பழைய உலோகத்தை உருக்கும் ஆலை அன்று. தாதுவை உருக்கிய ஆலை. ஆனால் புகையின் இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே. செம்புத் தாதுப்பொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தகம். அது எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகிறது. அந்த வாயுவைப் பிடித்து, வனேடியம் ஊக்கியின் மேலே செலுத்தி, கந்தக அமிலமாக்கிவிடலாம். பிடித்தால் அமிலம், விற்பனைச் சரக்கு. விட்டால் நெடி, ஊருக்கு நோய். அந்த ஊக்கி சூடாக இருந்தால்தான் வேலைசெய்யும். ஆலையை நிறுத்தி மறுபடி தொடங்கும் நேரம் இவ்வகை ஆலைகளில் ஆபத்தான நேரம்.

1994இல் அடிக்கல் நடப்பட்டது. அதற்கு முன் மராட்டியத்தின் ரத்தினகிரி விவசாயிகள் வேண்டாம் என்று விரட்டிய ஆலை அது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் அளவுக்கு இங்கே வளர்ந்தது. சுற்றுப்புற மக்கள் கண் எரிகிறது என்றார்கள், தொண்டை கமறுகிறது என்றார்கள். 2010 செப்டம்பர் 28இல் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்சநீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2013 மார்ச் 23 காலையில், ஊர் மக்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். எங்கள் ஆலை காரணம் அன்று என்றது நிறுவனம். சில நாளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடியது. 2013 ஏப்ரல் 2இல் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத்தின் மூடல் உத்தரவை நீக்கியது. ஆனால் சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. பசுமைத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு ஆலை மீண்டும் ஓடியது.

பிறகு? 2018 மே 22. போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கி மக்கள் நடந்தார்கள். துப்பாக்கி பேசியது. 13 உயிர்கள் போயின. மே 28இல் ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29இல் உச்சநீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

கணக்குப் பாருங்கள் தோழர்களே! ஊரிலே பதின்மூன்று வீட்டில் ஒப்பாரி. ஆலையிலே வேலைபார்த்தவனுக்கும், ஒப்பந்தக் கூலிக்கும், லாரிக்காரனுக்கும் பிழைப்புப் போயிற்று. இருமலோடு வந்த முதல் புகாரை முதல் நாளே மதித்துப் பதில் சொல்லியிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்குமா? மூக்கின் பேச்சைக் கேளாதவர்கள் முடிவிலே துப்பாக்கியின் பேச்சைக் கேட்க வைத்தார்கள்.

“வேலை வேண்டுமா, காற்று வேண்டுமா?” என்று கேட்கிறார்கள் சில மேதாவிகள். சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலல்லவா இருக்கிறது! இரண்டும் வேண்டும். இரண்டும் முடியும். எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

புகையைப் பிடிக்கும் வித்தை

முதலாவது, உலைக்குள் போகும் முன்னே சுத்தம். எண்ணெயை வடி, கம்பியின் உறையை எரிக்காமல் எந்திரத்தால் உரி, பாட்டரியின் அமிலத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரி. நாற்றத்தில் பெரும்பகுதி இங்கேயே செத்துவிடும். இதற்கு வேண்டியது ஆள். ஆள் வேண்டும் என்றால் வேலை பெருகும் என்றுதானே பொருள்?

இரண்டாவது, பிறந்த இடத்திலே பிடி. உலையின் வாய்க்கு மேலே கவிகை மூடி, விசை போதுமான விசிறி. கூரையிடுக்கில் கசிந்த புகையை எந்தக் கருவியும் திரும்பப் பிடித்துக் கொண்டுவராது. தூசும் புகையும் கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் உறிஞ்சும் சாதனம் வைக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே எழுதிவைத்தது.

மூன்றாவது, மறுபடி எரி. அரைவேக்காட்டுப் புகையை இன்னொரு சூட்டறையில் 850 டிகிரிக்கு மேலே இரண்டு விநாடி நிறுத்தினால் நெடி தரும் பொருள்கள் எரிந்துபோகும். எரித்த கையோடு சட்டென்று 200 டிகிரிக்குக் கீழே குளிர்விக்கவேண்டும். மெதுவாகக் குளிரவிட்டால் டையாக்சின் மறுபடி உருவாகும்.

நான்காவது, வடிகட்டு, கழுவு. நீண்ட துணிப்பைகள் தூசை வடிக்கும். சுண்ணாம்புத் தூள் அமில வாயுவை மடக்கும். கரித்தூள் நாற்றத்தையும் டையாக்சினையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஸ்க்ரப்பர் எனப்படும் கழுவு கோபுரத்தில் காஸ்டிக் சோடாக் கரைசல் மழையாகப் பொழிந்து கந்தக வாயுவைக் கரைத்துவிடும்.

இவையெல்லாம் சீமைச் சரக்கா? அந்தக் கரி நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படுவது. சுண்ணாம்பு நம் மண்ணிலே கிடைப்பது. காஸ்டிக் சோடா நம் சாகுபுரத்திலே நம் உப்பிலிருந்து எடுக்கப்படுவது. சிரட்டை இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது. செலவுசெய்ய மனம்தான் இல்லை!

கருவி வாங்கி நிறுத்துவது மட்டும் போதாது. அது ஓட வேண்டும். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கண் எரிகிறது என்று முதலில் உணர்ந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள்தாம். வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பர் அங்கே இருந்தது, ஆயத்தமாக இல்லை. வாயுவை எரிக்கும் கோபுரம் இருந்தது, குழாய் கழற்றப்பட்டிருந்தது. குளிர்பதனம் இருந்தது, நிறுத்தப்பட்டிருந்தது. எல்லாம் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

நாற்றத்துக்கு நாள்குறிப்பு

“நாற்றத்துக்கு அளவு ஏது? ஒருவனுக்கு நாறும், ஒருவனுக்கு நாறாது” என்று கையை விரிக்கிறார்கள் அதிகாரிகள். 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 பொருள்களுக்கு வரம்பு உண்டு. கந்தக டை ஆக்சைடு, அமோனியா, ஈயம் மூன்றும் அதில் உண்டு. நாற்றம் என்று ஒரு வரி அதிலே கிடையாது.

ஆனால் ஜப்பான் 1971லேயே நாற்றத் தடுப்புக்கென்று தனிச் சட்டம் செய்தது. அங்கே எப்படி அளக்கிறார்கள்? மூன்று பைகள். இரண்டில் சுத்தக் காற்று, ஒன்றில் ஆலைக் காற்று சிறிது கலந்தது. நாறும் பை எது என்று தேர்ந்தெடுத்த மனிதர்கள் மோந்து சொல்கிறார்கள். அவர்களால் கண்டுபிடிக்க முடியாமல் போகும் வரை காற்றைக் கலந்துகொண்டே போகிறார்கள். எத்தனை மடங்கு கலக்க வேண்டியிருந்ததோ அதுவே கணக்கு. மனித மூக்கையே தராசாக்கினார்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடலூர் சிப்காட் கிராமத்து மக்கள் 2004இல் என்ன செய்தார்கள்? எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஆலைப் பக்கமிருந்து, என்ன மாதிரி நாற்றம் என்று குறித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள்ளே ஒரு பை வைத்து, அதில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காற்றிலே நச்சு வேதிப்பொருள்கள் இருப்பது எண்ணிக்கையோடு வெளிவந்தது. படிப்பறிவு குறைந்தவர்கள் என்று யாரை நினைத்தார்களோ, அவர்கள் கையிலே ஆதாரம் வந்து சேர்ந்தது.

நம் கடற்கரைக்காரன் இதிலே பட்டணத்துப் பொறியாளருக்குப் பாடம் நடத்தலாம். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, சோழகம் எது என்று பிறந்த குழந்தைக்கும் தெரிந்த கரை இது. பகலிலே கடற்காற்று, இரவிலே கரைக்காற்று. குளிர்ந்த இரவில் காற்று அசையாதபோது புகை மேலே ஏறாமல் தரையோடு படுத்துக்கொள்ளும். இரவிலே நாற்றம் கூடுவதற்கு அதுவும் காரணம். விசிறியை யாரேனும் நிறுத்தியிருந்தால் அதுவும் காரணம். எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேதியும் மணியும் காற்றின் பெயரும் போட்டு எழுதிவைத்தால் கண்டுபிடிக்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

ஊர்தோறும் ஒரு நாற்றக் குறிப்பேடு வேண்டும்; மீனவர் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து எழுத வேண்டும். ஆலை வாசலிலே ஸ்க்ரப்பர் ஓடிய மணியும் நின்ற மணியும் தமிழில் எழுதித் தொங்கவேண்டும். ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் என்னென்ன நிபந்தனை என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கவேண்டும். உலைத் தொழிலாளிக்கு இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதித்து, முடிவை அவன் கையிலேயே கொடுக்கவேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் ஈயமும் கூடவே போகும்; குழந்தையைத் தூக்கும் கையிலே நஞ்சு இருக்கும். ஆகவே ஆலையிலேயே குளியலறையும் மாற்றுத் துணியும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆபத்து என்று கூவுகிற உரிமை வேண்டும். போபாலுக்குப் பிறகு, 1987இல், உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று எச்சரிக்கும் தொழிலாளியின் உரிமையைச் சட்டம் ஏற்றது. எத்தனையோ பிணங்களின் மேலே எழுதப்பட்ட வரி அது! 2025 நவம்பரில் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்புகள் வந்துவிட்டன. புத்தகம் மாறலாம், அந்த உரிமை மாறக்கூடாது. ஏட்டிலே இருந்தால் போதாது, உலைக்களத்திலே இருக்கவேண்டும். ‘நெடி கூடியிருக்கிறது’ என்று சொன்னவனை மறுநாள் வேலைக்கு வேண்டாம் என்று அனுப்புகிற நிலை இருக்கும்வரை எந்தச் சட்டமும் வெறும் காகிதம்தான்.

1908இல் இதே தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி கேட்டார்கள், ஓய்வு கேட்டார்கள், வென்றார்கள். கூலியும் ஓய்வும் கேட்பது அன்று துணிச்சல். இன்று மூச்சுக்குக் காற்றுக் கேட்பது துணிச்சலாகக் கருதப்படுகிறது. கேட்போம்! உலை எரியட்டும், சம்மட்டி ஒலிக்கட்டும், பழைய இரும்பு புதிய இரும்பாகட்டும். ஆனால் அந்த உலையின் புகை உழைப்பவன் நெஞ்சுக்குள்ளே போய்த்தான் அடங்கவேண்டும் என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. பிடிக்கத் தெரியும்; பிடிக்கும் பொருள் நம்மிடம் உண்டு; பிடிக்கச் செய்யும் பலம் சங்கத்திடம் உண்டு. இனி நாற்றம் வந்தால் மூக்கைப் பொத்தவேண்டாம் தோழர்களே, குறிப்பேட்டை எடுங்கள்!